கப்பலில் ஊசி பிடிக்கக் காசு! ஆலங்காயம் பக்கம் ஊசி பிடித்தால்...?

ஆலங்காயம்,
லீவு விட்டால் நாம் எங்கே போவோம்? ஏலகிரி போவோம். கையில் கொஞ்சம் காசு புரண்டால் ஊட்டி. சீமைப் பெண்கள் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக மூட்டை கட்டி, கூட்டமாகக் கப்பல் ஏறி, வடதுருவக் கடலுக்கே போய்விடுகிறார்கள். எதற்கு? உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவதற்கு!

நம்பித்தான் ஆகணும். நார்வே கரையோரக் கப்பல் போக்குவரத்து 1893-ல் தொடங்கியது. தபாலும் மீனும் போன அந்தத் தடத்தில் இன்று உல்லாசப் பயணிகள் போகிறார்கள். பின்னல் கோஷ்டி வந்தால், கூடவே சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரம்மாவும் உண்டு. கப்பல் நிற்கிற ஊரில் இறங்கி நூல் கடையை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

அங்கே டிராம்சோ என்று ஒரு ஊர். மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை அங்கே சூரியன் மறைவதே கிடையாது. ராத்திரி 12 மணிக்கும் விளக்கு போடாமல் பின்னலாம். கரண்ட் பில் மிச்சம்!

பின்னல் அந்த ஊர்க்காரர்களுக்குப் பரம்பரைப் பெருமை. செல்பு என்ற கிராமத்தில் 1857-ல் மாரிட் என்ற இளம்பெண் நட்சத்திரப் பூ போட்டுக் கையுறை பின்னினார். அந்தப் பூ இன்றைக்கும் நார்வே நாட்டுக்கே அடையாளம்.

இங்கே என்ன கதை?

ஆலங்காயத்தில் பஸ் ஏறினால் வாணியம்பாடி. அதைத் தாண்டினால் ஆம்பூர். தோலுக்கும் ஷூவுக்கும் பேர் போன வட்டாரம். இங்கேயும் வீட்டு வாசலில் பெண்கள் ஊசி பிடிக்கிறார்கள். ஆனால் நூல் கம்பளி அல்ல, துணி தோல்!

முன்பக்கம் சுருக்கம் சுருக்கமாக மடித்துத் தைத்த ஷூவைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தையலுக்குக் கைதான் வேண்டும். வெட்டின தோலை ஏஜெண்டு மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்து போடுவார். உலையில் அரிசி வேகிற நேரத்திலும், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் தையல்தான். தடித்த தோலில் ஊசியை இழுத்து இழுத்து விரல் நோவு, தோள் வலி, முதுகு வலி.

கூலி? பெங்களூர் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்த வட்டாரத்து வீட்டுத் தையல் பெண்களுக்கு ஜோடிக்கு 10 பென்சுக்கும் குறைவாகக் கிடைத்தது என்றது அது. அன்றைய மதிப்பில் முழுசாகப் பத்து ரூபாய்கூட இல்லை! ஐரோப்பாவில் கடைக்குப் போனால் அதே ரக ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கணும்.

கப்பல் அம்மாக்கள் பின்னட்டும், யார் வேண்டாம் என்றது? அவர்களில் யாராவது ஒருத்தர் காலில் நம்ம வட்டாரத்து ஷூ இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் அதைத் தைத்தவள் பெயர் எந்தக் கம்பெனி ரிஜிஸ்டரிலும் இருக்காது. பேர் இல்லை என்றால் பி.எப். ஏது, ஈ.எஸ்.ஐ. ஏது?

வீட்டிலேயே கூலிக்கு உழைப்பவர்களையும் மற்ற தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் ஓர் உடன்படிக்கை போட்டது. 177-ம் நம்பர். அதை ஏற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.