இரவுப் பாத்திரம்: 30 நிமிடத்தின் வரவு செலவு

இரவுச் சாப்பாடு முடிந்து சிங்க்கில் பாத்திரம் சேர்ந்துவிட்டால், அந்தப் பக்கம் போக வீட்டில் யாருக்கும் மனம் வருவதில்லை. சமைப்பதில் ருசி இருக்கிறது, பரிமாறுவதில் பேச்சு இருக்கிறது. தேய்த்துக் கவிழ்ப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வேலைக்கு ஆள் இல்லை, பாத்திரம் கழுவும் இயந்திரமும் இல்லை. கீழே வரும் வீட்டு எண்கள் இந்த மாதிரி வீட்டுக்குப் போட்ட மதிப்பீடு. உங்கள் வீட்டு எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரமும் நேரமும்

சிறியவை: தட்டு 4, டம்ளர் 4, கிண்ணம் 4, கரண்டி 3. ஆக 15.
பெரியவை: குக்கர், மூடி, உள்பாத்திரம் சேர்த்து 3, மிக்சி ஜாரும் மூடியும் 2, வாணலி 1, சாம்பார் பாத்திரம் 1, பால் பாத்திரம் 1, வடிதட்டு 1. ஆக 9.

சிறியதற்குத் தலா 40 விநாடி என்றால் 10 நிமிடம். பெரியதற்குத் தலா 2 நிமிடம் என்றால் 18 நிமிடம். சிங்க்கைத் தேய்த்து மேடையைத் துடைக்க 2 நிமிடம். மொத்தம் 30 நிமிடம்.

ஓர் இரவுக்கு இது சிறிய தொகைதான். ஆண்டுக்கு 182.5 மணி நேரம் ஆகிறது. 8 மணி நேர வேலை நாளாக மாற்றினால் ஏறத்தாழ 23 நாள். 25 வயதில் தொடங்கி 65 வயது வரை ஒருவரே செய்தால் 7,300 மணி நேரம். இரவு பகல் பாராமல் தொடர்ந்து 304 நாள் சிங்க் முன்னால் நிற்பதற்குச் சமம். ஆயுளில் இவ்வளவு பெரிய பங்கை, எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்று வெறும் நஷ்டமாக எழுதக் கூடாது. இந்த நேரத்தை நல்ல நேரமாக்க என்ன செலவாகும் என்று கேட்க வேண்டும்.

கசப்பு எங்கிருந்து வருகிறது

ஹார்வர்டைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள் என்று அவ்வப்போது கேட்டார்கள். கேட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில் மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. அப்படி மனம் வெளியே போயிருந்தபோது, எந்த வேலையில் இருந்தாலும் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. சிங்க் முன்னால் நிற்பவரை வாட்டுவதில் பெரும்பங்கு பாத்திரத்துக்கு இல்லை. நாளைய பள்ளிக் கட்டணத்துக்கும் காலையில் கேட்ட கடுஞ்சொல்லுக்கும்தான்.

இதை நேராகப் பாத்திரத்திலேயே சோதித்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களைப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள்; முடிவுகள் 2015இல் வெளிவந்தன. ஒரு பிரிவினர் நீரின் வெதுவெதுப்பு, சோப்பின் வாசனை, பாத்திரம் கையில் படும் உணர்வு ஆகியவற்றில் மனத்தை வைக்கும்படி ஒரு குறிப்பைப் படித்துவிட்டுக் கழுவினார்கள். அவர்களிடம் பதற்றம் 27 சதவீதம் குறைந்தது. மன ஊக்கம் 25 சதவீதம் கூடியது. வெறும் செய்முறையைப் படித்துக் கழுவிய பிரிவில் இந்த மாற்றம் இல்லை. 51 பேர், ஒரே ஒரு முறை என்பதால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் செலவு சுழியம் என்பதால், இன்றிரவே முயன்று பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

பாட்டுக் கணக்கு

மனத்தைக் கட்டிப்போட இன்னொரு வழி பாட்டும் கதையும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் மில்க்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 226 பேர் பங்கேற்றார்கள். விறுவிறுப்பான ஒலிநாவல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று ஒரு பிரிவினருக்கு ஏற்பாடு செய்தார்கள். தொடக்கத்தில் அவர்கள், இப்படி எந்த ஏற்பாடும் இல்லாத பிரிவினரைவிட 51 சதவீதம் அதிகமாக வந்தார்கள். எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் பயிற்சியின்போது மட்டும் கேட்கப் பாருங்கள் என்று சொல்லப்பட்ட பிரிவினரிடம் உயர்வு 29 சதவீதம்தான். விடுமுறை குறுக்கிட்ட பிறகு இந்த வேகம் தணிந்தது. எனவே தீபாவளி, பொங்கல் விடுப்பு முடிந்ததும் புதிய கதையோடு மறுபடி தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டு வயல்களில் வேலையோடு பாட்டு சேரும் இந்தச் சேர்க்கை நெடுங்காலம் இருந்தது. ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் நீர் இறைத்தோம் என்ற எண்ணிக்கையைப் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பாடினார்கள். களைப்புத் தீரவும் கணக்குத் தவறாமலிருக்கவும் ஒரே பாட்டு உதவியது. உலக்கை பிடித்த பெண்களுக்கு வள்ளைப்பாட்டு இருந்தது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அது இடம்பெற்றிருக்கிறது. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் உள்ள 20 பாடல்களும் பெண்கள் சேர்ந்து சுண்ணம் இடிக்கும்போது பாடுவதாக அமைந்தவை. அரவை ஆலைக்கும் மோட்டாருக்கும் வேலை போனபோது பாட்டும் அங்கிருந்து போய்விட்டது. பாத்திரம் மட்டும் கைக்கே மிஞ்சியது, பாட்டு இல்லாமல்.

அதைத் திரும்பக் கொண்டுவரும் கணக்கு எளிது. 5 நிமிடப் பாட்டு 6 இருந்தால் 30 நிமிடம். முதல் 2 பாட்டில் சிறிய பாத்திரம் 15ம் முடியும். அடுத்த 4 பாட்டில் பெரியவையும் சிங்க்கும். மில்க்மன் ஆய்வு சொல்லும் நிபந்தனையை விட்டுவிடக் கூடாது: இந்த இரவுக்கென ஒதுக்கிய பாட்டையோ தொடர்கதையையோ பகலில் வேறு எங்கும் கேட்கக் கூடாது.

ரூபாயும் தண்ணீரும்

வேலை செய்யும் இடம் புழுக்கமாகவும் இருட்டாகவும் இருந்தால் எந்தப் பாட்டும் உதவாது. இடத்தைச் சீராக்கும் செலவு, மாதக் கணக்கில்:

சுவர் மின்விசிறி: 2,000 ரூபாய், 5 ஆண்டு. மாதம் 33.33
நிற்க ரப்பர் விரிப்பு: 300 ரூபாய், 2 ஆண்டு. மாதம் 12.50
கையுறை: 120 ரூபாய், 3 மாதம். மாதம் 40.00
எல்.இ.டி. பல்பு: 120 ரூபாய், 2 ஆண்டு. மாதம் 5.00
குழாய் முனைச் சல்லடை: 120 ரூபாய், 2 ஆண்டு. மாதம் 5.00
மின்சாரம்: மாதம் 10.00
மொத்தம்: 105.83 ரூபாய்

மின்சாரத்தை விரித்துச் சொன்னால், விசிறி 50 வாட், பல்பு 9, ஒலிபெருக்கி 5, ஆக 64 வாட். இரவுக்கு அரை மணி வீதம் 60 இரவுக்கு 1.92 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உயர்த்தி வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 20 ரூபாயைத் தாண்டாது. எல்லாம் சேர்ந்து இரவுக்கு 3.53 ரூபாய். டீக்கடையில் ஒரு டீகூட இந்த விலைக்கு வராது.

தண்ணீரில் வரவே உண்டு. இந்தியாவில் வீட்டுத் தண்ணீருக்கு வழக்கமாகக் காட்டும் ஒரு கணக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்து, அதில் பாத்திரம் கழுவ 10 லிட்டர் ஒதுக்குகிறது. நான்கு பேருக்கு 40 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் குழாயை 15 நிமிடம் திறந்து வைத்தால் 150 லிட்டர் போய்விடும். 15 லிட்டர் குடத்தில் 10 குடம். முதலில் ஊறவைத்து, பேசின் நீரில் தேய்த்து, கடைசியில் மட்டும் குழாயைத் திறந்தால் 40 லிட்டருக்குள் அடக்கலாம். புடவையும் சட்டையும் நனையாமல் இருப்பது கூடுதல் லாபம்.

கைக் கணக்கு

இனி வருவதுதான் பெரிய தொகை. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள். வித்தியாசம் 201 நிமிடம். கூடத்தில் மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் சிங்க் முன்னால் நிற்பதுதான் இந்த வேலையின் முதல் கசப்பு.

நம் வீட்டில் நான்கு பேரும் தத்தம் தட்டு, டம்ளர், கிண்ணத்தைச் சாப்பிட்ட கையோடு கழுவினால் ஆளுக்கு 2 நிமிடம். 8 நிமிடம் கழிந்து 22 மிஞ்சுகிறது. ஒருவர் தேய்க்க ஒருவர் அலசினால் தலா 11. இப்போது பங்கு 13, 13, 2, 2 நிமிடம். கூட்டினால் அதே 30. வேலை ஒரு நிமிடமும் குறையவில்லை. ஆனால் தனியாகச் செய்தவருக்கு ஆண்டுக்கு 103 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. 40 ஆண்டில் 7,300 மணி என்பது 3,163 ஆகிறது. செலவு ஒரு ரூபாயும் இல்லை. ஏற்றமும் உலக்கையும் பாட்டோடு நடந்த இடங்களில் உடன் ஆட்கள் இருந்தார்கள் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது பழக எவ்வளவு நாள்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை. ஆக, பத்தாம் நாள் சலித்துப்போய், நம் வீட்டுக்கு இது சரிவராது என்று விட்டுவிடக் காரணமில்லை.

செலவுப் பக்கம் மாதம் 106 ரூபாய். வரவுப் பக்கம் ஆண்டுக்கு 103 மணி நேரமும், மிஞ்சிய வேலையில் பாட்டும் பேச்சும். முதலில் பங்கீடு, பிறகு பொருள் என்ற வரிசையை மட்டும் தலைகீழாக்கக் கூடாது. விசிறியும் ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரே ஆளைத் தொடர்ந்து நிற்க வைத்தால், அவர் சுமையை நாம் அலங்கரித்திருக்கிறோம், அவ்வளவே. முதலில் நான்கு தட்டை நான்கு பேர் கழுவட்டும். விசிறி அடுத்த மாதச் சம்பளத்தில் வரலாம்.