திடீர்னு ‘செத்துப்போகும்’ லேப்டாப் அடாப்டர்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!’ அடாப்டர் கைவிடும்போது எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால், பல அடாப்டர்கள் முன்கூட்டியே அறிகுறி காட்டிவிடுகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது?

பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி. அடாப்டர் அதைச் சுமார் 325 வோல்ட் டிசியாக மாற்றி ஒரு கெப்பாசிட்டரில் தேக்குகிறது. பிறகு, மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆன்-ஆஃப் ஆக, டிரான்ஸ்பார்மர் வழியாக 19 அல்லது 20 வோல்ட் வெளியே வருகிறது. இதுதான் எஸ்எம்பிஎஸ். உலகின் பெரிய பவர் சப்ளை நிறுவனங்களில் ஒன்றான டெல்டாவின் ஆலை, நம்ம கிருஷ்ணகிரி குருபரப்பள்ளியிலேயே இருக்கிறது.

அறிகுறி சொல்லும் காரணம்

* வயரை அசைத்தால் சார்ஜ் வந்து வந்து போகிறதா? பின் அருகே உள்ளே கம்பி அறுந்திருக்கலாம்.

* லைட் எரிகிறது, லேப்டாப்பில் செருகினால் அணைகிறதா? அவுட்புட் கெப்பாசிட்டர் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் வற்றும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மெத்தை மேல் வைத்து சார்ஜ் போடாதீங்க என்பது இதனால்தான்.

* லைட் மினுக்குகிறதா? எங்கோ ஷார்ட். லேப்டாப்பைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால் கோளாறு அடாப்டரில். நின்றுவிட்டால் லேப்டாப்பையும் சோதிக்கணும்.

* லைட்டே இல்லையா? முதலில் சாக்கெட்டையும் பவர் கார்டையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால், மின்னலோ கரன்ட் திரும்பி வந்தபோது எகிறிய வோல்டேஜோ மாஸ்ஃபெட்டை ஷார்ட் ஆக்கியிருக்கலாம். அதனால்தான் ஃபியூஸ் போகும். ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும்.

நாமே திறக்கலாமா?

வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து.

புதுசு வாங்கும்போது...

ஓசூரில் வாங்கினாலும், எல்லை தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும், வோல்ட் அதே அளவாக இருக்கணும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. இந்தியாவில் அடாப்டருக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். லேபிளில் உள்ள ‘ஆர்’ எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அடித்துப் பாருங்கள். அந்த எண் வேறு கம்பெனியைக் காட்டினால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீங்க. மலிவான போலியில் இன்புட்டையும் அவுட்புட்டையும் பிரிக்கும் இன்சுலேஷன் சரியாக இல்லாவிட்டால், 230 வோல்ட் நேராக உங்கள் கைக்கே வரலாம்.