ஒரே தரம் செலுத்தப்பட்ட பலி



மிஷன் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஊழியம் செய்கிறவர்களிடம் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, இந்த வியாதி வர நான் என்ன பாவம் செய்தேன்?" சிலர், "வேதனைப்பட்டாவது என் பாவம் தீரட்டும்" என்பார்கள். சபைக்குத் தவறாமல் வருகிற நம்மவர்களும் இப்படிச் சொல்வதுண்டு. இவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

'பலி' என்ற சொல் திருச்சிராப்பள்ளியில் யாருக்கும் புதிதல்ல. காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம் கோயிலில் பலிபீடம் இருக்கிறது. பக்தர் தம் ஆணவத்தை அங்கே விட்டுச் செல்ல வேண்டும் என்று பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். கிராமங்களிலோ நேர்த்திக்கடனாகக் கிடா வெட்டுகிறார்கள். நம் தமிழ் வேதாகமமும் 'பலிபீடம்' என்ற அதே சொல்லையே வழங்குகிறது. ஆகையால் பலி என்றதும், மனிதன் கடவுளுக்குக் கொடுப்பது என்ற எண்ணமே நம் மனதில் எழுகிறது.

லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் கொண்டுவரப்படும். ஒன்று பலியிடப்படும். மற்றதன் தலைமேல் பிரதான ஆசாரியன் கைகளை வைத்து, ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். அதுவே 'போக்காடு'. பாவம் மன்னிக்கப்படுவதும் அகற்றப்படுவதும் இங்கே நிழலாய்க் காட்டப்படுகின்றன. ஆனால் மறுவருஷமும் அதையே செய்ய வேண்டியிருந்தது. மிருகத்தின் இரத்தம் பாவத்தை நீக்க முடியாது என்று எபிரெயர் 10-ஆம் அதிகாரம் விளக்குகிறது.

கல்வாரியில் இந்த நிலை மாறியது. ரோமர் 3:25-இல் வரும் 'கிருபாதாரபலி' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பலியை ஏற்படுத்தினவர் தேவன். பலியானவர் அவருடைய குமாரன். மனிதன் கொண்டுவந்தது ஒன்றுமில்லை. அது ஒரே தரம் செலுத்தப்பட்டது. மறுபடியும் செலுத்த வேண்டியதில்லை.

அப்படியானால் வியாதி நாம் கட்டும் தவணை அல்ல. பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவன் பெற்றோருமல்ல என்று இயேசு பதில் சொன்னார் (யோவான் 9). பிறகு அவனுக்குப் பார்வை அளித்தார். மருத்துவ ஊழியத்திற்கு இதைவிட வேறு அஸ்திபாரம் வேண்டுமோ?

நம் காணிக்கையும் பாவத்திற்கு விலை அல்ல. 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், 1766-இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டினார். மணம் செய்யாமல், எளிமையாய் வாழ்ந்து, 1798-இல் தஞ்சாவூரில் மரிக்கும்வரை இத்தேசத்திலேயே உழைத்தார். நற்கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்று போதிக்கும் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர் அவர். அந்தப் போதனை அவரைச் சோம்பேறியாக்கவில்லை. தாராளமாய் உழைக்கச் செய்தது.

பிரியமானவர்களே, ஏதோ ஒரு குற்ற உணர்வைத் தணிக்கவே நீங்கள் காணிக்கை அனுப்புகிறீர்களானால், அந்தப் பாரத்தை இன்றே சிலுவையண்டை இறக்கி வையுங்கள். பிறகு மகிழ்ச்சியோடு கொடுங்கள். "இது என் பாவத்தின் சம்பளமா?" என்று படுக்கையில் கலங்கும் ஒவ்வொருவரும் இந்த நற்செய்தியைக் கேட்கும்படி எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.