ஐயாயிரம் ரூபாய் தொண்டர்கள்

காளஹஸ்தியில் பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞர் ஒருவர் ஊர்ப் பையன்களைத் திரட்டி மன்றம் அமைக்கவும், ரத்ததான முகாம் நடத்தவும் ஆசைப்பட்டால், பல்லாண்டுகளாக அவருக்குத் தெரிந்த வாசல் நேரு யுவ கேந்திரா. 1972-ல் பிறந்த திட்டம். 18 முதல் 29 வயதுக்காரர்களைத் தேசிய இளைஞர் தொண்டர்களாக எடுத்து, மாதம் 5,000 ரூபாய் கொடுத்தது. அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். இது சம்பள வேலையல்ல. பிறகு அரசு வேலை கேட்கும் உரிமையும் கிடையாது என்று விதியே கறாராகச் சொன்னது.

ஆந்திர இளைஞர்களுக்கு அந்தத் தொகை ராசியில்லாதது போலும். 2019-ல் மாநில அரசு 50 வீடுகளுக்கு ஒருவராக நியமித்த கிராமத் தொண்டர்களுக்கும் அதே 5,000தான். 2024-ல் ஆட்சி மாறியதும் அந்த வேலையும் போயிற்று.

படிப்புக்குக் குறைவில்லை என்பதுதான் வேடிக்கை. எல்லை தாண்டினால் ஸ்ரீபெரும்புதூரில், 1993-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் முதுகலை வரை கற்பிக்கிறது. 2012-ல் நாடாளுமன்றம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. ஆனால் தொண்டருக்கும் அந்தப் பட்டத்துக்கும் நடுவே ஏணி ஏதும் இல்லை. 2014-ல் வந்த வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தில் ஆலோசகர் பணி உண்டு. அங்கே இரண்டாண்டு அனுபவத்தைச் சொன்னால், பெரும்பாலும் சமூகப்பணி அல்லது உளவியல் பட்டத்தைத்தான் கேட்கிறார்கள்.