இறங்கும்போது பிடிக்க வேண்டுமே!

பொங்கல் விழாவன்று மண்டபத்து வாசலில் நின்ற என் பழைய ஜீப்பில் குழந்தைகள் ஏறிக் குதித்து விளையாடியதை அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அன்று நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "மாமா, என்கிட்டேயும் ஒரு சிஜே-3பி இருக்கு. அமெரிக்காவிலே இதுக்கு இன்னும் வலுவான லோ கியர் செட் விக்கறாங்களாம். அண்ணன் அனுப்பறேங்கறான். போட்டுடலாமா?" என்று கேட்டார். பந்தியில் இலை போட்டாகி விட்டது. "போடலாம், ஆனா முதல்லே அது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அரைகுறையாகப் பதில் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு இரு கம்பெனிகளுமாக ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. அந்த வம்சத்தில் வந்ததுதான் சிஜே-3பி. அமெரிக்காவில் 1968-இல் இதை நிறுத்தி விட்டார்கள். நம் நாட்டில் மஹிந்திரா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தது. பட்டாளமும் போலீஸும் பொதுப்பணித் துறையும் ஓட்டிக் கழித்து ஏலம் விட்ட ஜீப்புகள் பூனா பக்கம் இன்னும் கண்ணில் படுகின்றன.

இந்த ஜீப்பின் கியர் பாக்ஸுக்குப் பின்னால் வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் டிரான்ஸ்பர் கேஸ். ஸ்பைசர் 18 என்பது அதன் பெயர். எஞ்சினின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. லோ கியரில் போட்டால் வேகத்தை 2.46-இல் ஒரு பங்காகக் குறைத்து, அந்த அளவுக்கு இழுவையைக் கூட்டித் தரும். என் வண்டியின் முதல் கியர் விகிதம் 2.80, ஆக்ஸில் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அந்த இளைஞர் கேட்ட செட்டின் விகிதம் 3.15 என்றால் 37 என்பது 47 ஆகும். ஏறுவதற்கு நல்லதுதான், மறுக்கவில்லை.

ஆனால் இறங்குவது?

2011 ஜூலையில் நானும் என் மனைவியும் பான்ஷெட் தாண்டி நண்பர் ஒருவரின் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. செம்மண் பாதை, செங்குத்தான இறக்கம். லோ கியரில் முதலாவதைப் போட்டு, எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் இறக்கினேன். பாதி வழியில் 'டக்' என்று ஒரு சத்தம். லோ கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. எஞ்சின் வேறு, சக்கரம் வேறு என்றாகிவிட்டது. கால் பிரேக்கை அழுத்தினேன், ஈரத்தில் சரியாகப் பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், வெண்ணெயில் கத்தி போலப் போயிற்று. வேறு வழியில்லாமல் வண்டியை மலைப் பக்கம் திருப்பி மண்மேட்டில் மோதி நிறுத்தினேன். அவளுக்கு முழங்காலில் அடி. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு இரண்டு வருடம் அந்த ஜீப்பில் அவள் ஏறவே இல்லை.

இத்தனைக்கும் நான் ரயில்வேக்காரன். போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி இறங்கும் பாதை. அங்கே இறங்கும் வண்டிகளுக்குப் பிரேக் சோதனை உண்டு. பிடி விட்டு ஓடும் வண்டியைத் திருப்பி மேட்டில் ஏற்றி நிறுத்தத் தனித் தண்டவாளமே போட்டு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தும் சொந்த வண்டியை அப்படி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. நடுவில் இருக்கும் இடை கியர் ஓர் எஃகு ஷாஃப்டின் மேல், ஊசி ரோலர்களில் சுற்றுகிறது. அதன் இரு பக்கமும் வெண்கல வாஷர்கள். அவை தேய்ந்து, கியர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஷாஃப்டில் ரோலர்கள் பதித்த தடம் நகத்தில் தட்டுப்பட்டது. வெளிவரும் ஷாஃப்டின் டேப்பர் பேரிங்குகளும் தளர்ந்திருந்தன. பற்கள் முழுதாகக் கோக்காத கியர் பளு மாறியதும் கழன்று கொண்டிருக்கிறது.

ஹேண்ட் பிரேக் கதை இன்னும் விசேஷம். மற்ற கார்களில் போல அது சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின் பக்கம் வெளிவரும் ஷாஃப்டிலேயே பிரேக் டிரம் இருக்கிறது. அங்கிருக்கும் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே பிரேக் லைனிங்கில் இறங்கும். ஆக, ஒரே பெட்டியின் தேய்மானம் எஞ்சின் பிடிப்பையும் ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்தே பறித்திருக்கிறது. கால் பிரேக்குக்கோ இந்த வண்டியில் ஒரே ஒரு குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் போச்சு.

இனி மேம்படுத்துவதைப் பார்ப்போம். யுத்தகால ஜீப்பில் இடை ஷாஃப்டின் கனம் முக்கால் அங்குலம். பிறகு அதை 1⅛ அங்குலமாக்கினார்கள், அதற்கும் பிறகு 1¼. செய்தவர்களே இரண்டு முறை கனத்தைக் கூட்டினார்கள் என்றால் பலவீனம் எங்கே என்று தெரிகிறதல்லவா? என்னுடையது 1⅛. கனமான ஷாஃப்ட் மட்டும் வாங்கினால் பழைய பெட்டியில் நுழையாது. பெட்டி, இடை கியர், ஷாஃப்ட் எல்லாம் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். மெயின் கியரின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். 26, 29 என்று இரண்டு வகை உண்டு. இதற்கு அது சேராது. ஜூனா பஜாரில் பல ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து பிற்காலத்துப் பெட்டி ஒன்றைப் பிடித்தேன்.

புது ஷாஃப்டை ஒரு கடையில் வாங்கினேன். பளபளவென்று இருந்தது. வீட்டில் அரம் வைத்துப் பார்த்தேன், கடித்தது. நன்றாகக் கடினப்படுத்திய எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டதுதான் மிச்சம். இரண்டாவது ஷாஃப்டை என் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். அவன் அம்மா கேட்டிருந்த பாத்திரங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

பூட்டும்போது ஒரு யுக்தி. ஊசி ரோலர்கள் தனித்தனியாக உதிரும். கியரின் அகலத்துக்கு ஒரு கட்டையைக் கடைந்து, கிரீஸ் தடவி, ரோலர்களை அதைச் சுற்றி அடுக்கிக் கியரைப் பெட்டிக்குள் வையுங்கள். அசல் ஷாஃப்டைத் தட்டத் தட்டக் கட்டை வெளியே வந்துவிடும். டேப்பர் பேரிங்குகளின் ஆட்டத்தை ஷிம் வைத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்குக்குள் நிறுத்துங்கள். டயல் கேஜ் இல்லாமல் கை உணர்வை நம்பாதீர்கள். புது சீல் போட்டும் கசிந்தால் சீலைக் குறை சொல்லாமல் அது உரசும் யோக்கைப் பாருங்கள். அதில் பள்ளம் விழுந்திருந்தால் யோக்கை மாற்றினால்தான் கசிவு நிற்கும்.

அந்த இளைஞர் இன்னொன்றும் கேட்டார். முன் சக்கர டிரைவைப் போடாமல் லோ கியர் விழாதபடி இரண்டு கம்பிகளுக்கு நடுவே சின்ன இரும்புக் குளிகை ஒன்று தடுக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்றார். வேண்டாம் தம்பி. லோ கியரின் முழுப் பளுவும் பின் ஆக்ஸில் ஒன்றின் மேல் விழுந்து ஷாஃப்ட் ஒடியும். அந்தக் குளிகையைப் போட்டவன் காரணத்தோடுதான் போட்டிருக்கிறான். சரிவில் நிறுத்தும்போது முன் டிரைவைப் போட்டு வையுங்கள். அப்போது ஹேண்ட் பிரேக் முன் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

போன மாதம் அவர் வண்டியை என் வீட்டுக்கே கொண்டுவந்தார். டிரம்மைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்க் குளியல். லோ கியர் செட் வேண்டாம், சீலும் யோக்கும் அனுப்பு என்று அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டார்.

எங்கள் வண்டி வேலை முடிந்ததும் அதே பான்ஷெட் பாதைக்குப் போனோம். அவளும் வந்தாள், கைப்பிடியை இறுகப் பிடித்தபடி. பாதி இறக்கத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலைப் பெடலிலிருந்து எடுத்தேன். வண்டி அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, தயிர் சாதத்தை எடுங்கோ" என்றாள்.