வீட்டில் உருவாகும் செதுக்கு இயந்திரம்

கணினியின் கட்டளைப்படி பலகையைச் செதுக்கும் சிஎன்சி இயந்திரத்தை ஆர்வலர்கள் சிலர் வீட்டிலேயே உருவாக்குகின்றனர். இதன் வெட்டுக்கருவி இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகரும். அதனை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்கள் பொதுவாக ஒரு சுற்றை 200 சிறு படிகளாகச் சுழன்று முடிக்கும். மோட்டாருடன் இணைந்த திருகுதண்டு, சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்துமானால், ஒரு படிக்குக் கருவி 0.04 மில்லிமீட்டர் மட்டுமே நகரும்.

எனினும், மோட்டாரின் நுட்பம் மட்டும் போதாது. கருவி வெட்டும்போது பலகை அதனை எதிர்த்துத் தள்ளும். இயந்திரத்தின் சட்டம் உறுதியற்றதாயின், அது வளைந்து கோடு பிசகிவிடும். சுமை மிகுந்து மோட்டார் சில படிகளைத் தவறவிட்டாலும், எளிய இயந்திரங்களால் அதனை உணர இயலாது. தவறான இடத்திலேயே தொடர்ந்து வெட்டும். ஆகவே, அனுபவமிக்கோர் முதலில் சட்டத்தை உறுதியாக்குவர். காப்புக் கண்ணாடி அணிந்து, அவசர நிறுத்தப் பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் பொருத்திய பின்னரே இயந்திரத்தை இயக்குவர்.