இருபது டிகிரியில் ஒரு குளிர்காலம்

பிள்ளைச்சாவடியில் கார்த்திகை, மார்கழி என்றால் யாருக்கும் குளிர் நினைவுக்கு வராது. கடல்தான் வரும். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. அன்று தொடங்கிய கடல் அரிப்பு ஒவ்வொரு குப்பமாக வடக்கே ஏறி, காலாப்பட்டை ஒட்டிய இந்த மீனவ ஊரையும் எட்டியது. வீடுகளைக் கடல் கொண்டுபோன ஊரில், கரையைக் காக்கத் தூண்டில் வளைவு கேட்டுப் போராடிய ஊரில், கம்பளியைப் பற்றி யார் பேசுவார்கள்?

பேசத்தான் வேண்டும். ஜனவரியிலும் புதுச்சேரியில் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். டெல்லிக்காரரிடம் இதைக் குளிர் என்றால் சிரிப்பார். ஆனால் புயல் நாளில் கூரை ஒழுகி, நனைந்த துணியோடு ஊதல் காற்றில் நிற்பவர் அதே 20 டிகிரியில் வெடவெடத்துப் போகிறார். வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது காற்றின் சூட்டை மட்டும்தான் அளக்கிறது.

உடலின் கணக்கு வேறு. ஆடையில்லாமல் சும்மா இருக்கும் மனித உடல், கூடுதல் உழைப்பில்லாமல் தன் 37 டிகிரியைக் காக்க, சுற்றியுள்ள காற்று 28 டிகிரியாவது இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிறகு நடுக்கம் தொடங்கும். உலர்ந்த துணி போர்த்தினால் சமாளித்துவிடலாம். துணி நனைந்துவிட்டால் கதையே மாறுகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வேட்டியிலும் சட்டையிலும் அரை லிட்டர் நீர் ஊறியிருந்தால், அது உலர்வதற்குள் செலவாகும் வெப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் நான்கு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமம். அதில் ஒரு பங்கைக் காற்று கொடுக்கும், மீதி உடம்பிலிருந்துதான் போகவேண்டும். மண்பானை நீரைக் குளிர வைப்பதும் இதே வித்தைதான். பானைக்கு உயிர் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

இந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமாக முடியும் என்பதை 2022 டிசம்பரில் ஈழத்தமிழர் பகுதிகள் பார்த்தன. மாண்டஸ் புயல் வங்கக்கடலில் இலங்கையை ஒட்டி வடமேற்காக நகர்ந்து, 9ஆம் தேதி இரவு மாமல்லபுரம் அருகே கரையேறியது. அது கரையேறும் முன்பே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை என வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் மேய்ச்சல் நிலத்திலேயே விழுந்து செத்தன. முதலில் நோயோ என்று அஞ்சினார்கள். ஆராய்ந்தபோது குற்றவாளி குளிர் என்றார்கள். உறைபனியே காணாத மண்ணில் மாடு குளிரில் சாவதா என்று கேட்கத் தோன்றும்.

அந்தப் புயலின் காற்று வந்த வழியைப் பார்த்தால் புரியும். வட அரைக்கோளத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். வழக்கமான வாடைக்காற்று வெதுவெதுப்பான வங்கக்கடலைக் கடந்து சூடேறித்தான் நம் கரைக்கு வரும். மாண்டஸ் இழுத்ததோ வட இந்தியச் சமவெளியின் உலர்ந்த, குளிர்ந்த காற்றை. அதற்கு ஒரு சாட்சியும் உண்டு: அதே நாட்களில் இலங்கையின் காற்று மாசால் மங்கி, 9ஆம் தேதி பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். புகையும் குளிரும் ஒரே வண்டியில் வந்திறங்கின. உலர்ந்த காற்றில் மழைத்துளி விழும்போதே ஆவியாகி, காற்றை இன்னும் குளிர வைக்கும்.

நம் நாட்டு மாடு வெயிலுக்கென்றே அமைந்த உடல்: குட்டை மயிர், தளர்ந்த தோல், தொங்கும் அலைதாடி. எல்லாமே வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடுகள். மயிர் நனைந்து தோலோடு ஒட்டியதும் அந்த ஏற்பாடுகளே எமனாகின்றன. மழையில் மேயாத மாட்டுக்கு இரைப்பையில் தீனி நொதித்து உண்டாகும் உள்வெப்பமும் குறையும். கன்றுகளுக்கும் மெலிந்தவற்றுக்கும் தாக்குப்பிடிக்கக் கொழுப்பு ஏது? நம் வீடுகளும் அப்படித்தான்; காற்றோட்டத்துக்குக் கட்டியவை, சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாதவை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் உறைபனியில் தடுமாறியதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். அங்கே எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் வெயிலை நம்பிக் கட்டப்பட்டிருந்தன. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள்.

மனிதருக்கு இந்தக் குளிர் சத்தமில்லாமல் தீங்கு செய்கிறது. சுருங்கிய ரத்தக்குழாயால் ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் சற்றே கெட்டிப்படும், இதயத்துக்கு வேலை கூடும். 2018இல் வெளியான, இந்தியாவைப் பற்றிய ஆய்வொன்று, 13.8 டிகிரிக்குக் கீழே போகாத 'மிதமான குளிர்' 2015இல் மட்டும் 30 முதல் 69 வயதுக்குட்பட்ட சுமார் 1,97,000 பேரின் பக்கவாத, இதய, சுவாச நோய் மரணங்களுக்குக் காரணமானது என்று மதிப்பிட்டது. கடுங்குளிரும் கடும்வெயிலும் கொன்றவர்கள் அதைவிட மிகக் குறைவு. செய்தியாவது என்னவோ அந்த இரண்டும்தான்.

இந்திய வானிலைத் துறையின் அளவுகோலில், கடலோர நிலையம் ஒன்றில் வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்கினால்தான் குளிர் அலை என்ற பேச்சே எழும். பிள்ளைச்சாவடி போன்ற கரைகளில் அந்த எச்சரிக்கைக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நனையாத துணி எத்தனை வீடுகளில் மிஞ்சியிருக்கும்? அடுத்த புயலுக்கு முகாம் திறப்பவர்கள் உணவுப் பொட்டலத்துக்கு முன்னால் உலர்ந்த புடவையும் லுங்கியும், தரையில் விரிக்கப் பாயும் கொடுக்கட்டும். மாடு வைத்திருப்பவர்கள் அதைக் கூரைக்குள், காற்று படாத பக்கமாகக் கட்டி, வைக்கோல் போடுங்கள்.